கடைசி யூனிட்டின் விலை

ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை? விருதுநகரில் ஒரு வீட்டுக்காரரைக் கேட்டால், அவர் ஈ.பி. அட்டையை எடுத்துப் பார்த்து, கட்டிய தொகையைச் செலவான யூனிட்டால் வகுத்து, "ஏறத்தாழ மூன்று ரூபாய்" என்பார். வகுத்தது சரிதான். ஆனால் அவரே நாளை ஒரு மின்சாரக் கார் வாங்கி வாசலில் நிறுத்தினால், அந்தக் கார் குடிக்கும் மின்சாரத்துக்கு மூன்று ரூபாய்க் கணக்கு பொருந்தாது. ஒன்பது ரூபாய்க்கு அருகில் போய்விடும். அதே வீட்டின் கூரையில் சூரிய மின்பலகைகளைப் பொருத்தினால், அவை தரும் முதல் யூனிட்டுகளும் ஏறத்தாழ ஒன்பது ரூபாய் மதிப்புப் பெறும். பின்னால் வருபவை இரண்டு ரூபாய்க்கும் தேறமாட்டா. ஒரே கம்பியில் வரும் ஒரே மின்சாரத்துக்கு ஏன் இத்தனை விலை? இதை அறியாமல் காருக்கோ கூரைக்கோ பணம் போடுவது, அளவெடுக்காமல் சட்டைக்குத் துணி வாங்குவது போன்றதே.

யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல். இதைக் கிலோவாட் மணி என்றும் கூறுவர். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் இழுத்தால் ஒரு யூனிட்.

படிக்கட்டும் வரப்பும்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. எல்லா யூனிட்டுகளுக்கும் ஒரே விலை இல்லை. செலவு ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். 2016-ஆம் ஆண்டிலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில், மானியம் போக நுகர்வோர் செலுத்தும் தொகை இது: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. அதற்கு மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, ஆயிரம் வரை ரூ.10.50, ஆயிரத்துக்கு மேல் ரூ.11.55. 2025 ஜூலையில் மற்ற பிரிவுகளுக்குக் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. இக்கட்டுரையின் கணக்குகளுக்கு இந்த விகிதங்களையே எடுத்துக்கொள்வோம். விகிதம் மாறினால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடும் வழி மாறாது.

இப்படிக்கட்டில் ஒரு வரப்பும் உண்டு. அது 500-ஆவது யூனிட். அதைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை கிடைத்த ரூ.2.35 என்னும் சலுகை விலை பறிபோய், அந்த நூறு யூனிட்டுக்கும் ரூ.4.70 கட்ட வேண்டும். 500 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் ரூ.1,805. 510 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ.2,124. பத்தே யூனிட்டுக்கு ரூ.319 கூடுதல்! கணக்கெடுக்க வருபவர் சில நாள் தாமதமாக வந்தாலே வரப்பைத் தாண்டிவிடக்கூடிய வீடுகள் உள்ளன. மே மாதக் கட்டணத்தைப் பார்த்துத் திகைப்பவர்களில் பலர் இந்த வரப்பில் தடுக்கியவர்களே.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 1000 கி.மீ. ஓடும் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 40 யூனிட் போதும். வீட்டுச் செலவு 400 யூனிட்டாக இருந்தால், இந்த 40 யூனிட்டுக்கு ரூ.252. வீட்டுச் செலவு 480 யூனிட்டாக இருந்தால், மொத்தம் 520 ஆகி வரப்பைத் தாண்டும். அப்போது அதே 40 யூனிட்டுக்கு ரூ.529. ஸ்கூட்டர் அதேதான், ஓடிய தூரமும் அதேதான். ஆனாலும் செலவு இரு மடங்குக்கு மேல்.

கார் வந்தால்

இனிக் காருக்கு வருவோம். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் சாலை வழியே 25 கி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பணிபுரியும் ஒருவர் மாதம் 20 நாள் காரில் போய்வந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1000 கி.மீ. சிறிய மின்சாரக் கார் ஒன்று, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. அளவில் செல்லும் எனக் கொள்ளலாம். மீட்டரில் ஓடுவது எல்லாம் சக்கரத்துக்குப் போவதில்லை. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி மின்கலத்தில் ஏற்றும்போது பத்தில் ஒரு பங்களவு வெப்பமாக வீணாகிறது. ஆகவே விளம்பரத்தில் கூறும் தூரத்தை மின்கலத்தின் கொள்ளளவால் வகுத்துக் கணக்கிட்டால் ஏமாற நேரிடும். மாதம் 150 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

இவர் வீட்டில் காருக்கு முன் 400 யூனிட் செலவானது. கட்டணம் ரூ.1,175. இதைத்தான் வகுத்து "மூன்று ரூபாய்" என்றார். கார் வந்தபின் 700 யூனிட். கட்டணம் ரூ.3,825. கூடுதலான தொகை ரூ.2,650, அதை 300 ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ரூ.8.83. கார் படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்று மின்சாரம் வாங்குவதில்லை. வீட்டின் விளக்கும் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஏறிய படிகளுக்கு மேலே நின்று வாங்குகிறது. பொருளியலார் இதை இறுதிநிலை விலை என்பர். ஒரு புதுச் செலவை எடைபோட உதவுவது சராசரி விலையன்று, இந்தக் கடைசி யூனிட்டின் விலையே.

அப்படியும் மின்சாரமே மலிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2000 கி.மீ.க்கு, லிட்டருக்கு 16 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார் 125 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று முழு எண்ணாகக் கொண்டாலே ரூ.12,500 ஆகிறது.

ஒரே வீட்டுக்கு இரண்டாவது வீட்டு இணைப்பு வாங்கினால் இன்னொரு 100 யூனிட் இலவசம் கிடைக்குமே என்று யோசனை கூறுவோர் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே குடும்பம் ஒரே வீட்டில் புழங்கும்போது விதி அதற்கு இடம் தராது. வீட்டுக் காருக்கு வீட்டு இணைப்பிலேயே மின்னேற்றலாம், வீட்டுக் கட்டணமே பொருந்தும்.

கரிசல் வெயிலின் கணக்கு

விருதுநகர் மாவட்டத்தின் வறட்சியே அதன் தொழிலைத் தீர்மானித்தது என்பது பலரும் அறிந்த செய்தி. சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் அதை இங்கே வேரூன்றச் செய்தனர். காற்றில் ஈரம் குறைவு, மழை குறைவு, குச்சியும் தாளும் மருந்தும் விரைவில் காயும். பட்டாசுக்கும் அந்த வெயிலே துணை. இன்றும் பட்டாசு ஆலைகளில் திரியும் மணிமருந்தும் வெயில் மேடைகளில்தான் காய்கின்றன. அதே வெயில் இப்போது கூரை மீது மின்சாரமாகிறது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் அமைந்ததற்கும் இந்த வறண்ட வானம் ஒரு காரணம்.

ஒரு கிலோவாட் பலகை, ஆண்டு முழுவதும் சராசரியாகப் பார்த்தால், நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஒரு கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் உச்சி வேளையில்கூட அது ஆயிரம் வாட் தருவது அரிது. காரணம், பலகைக்கு ஒளி வேண்டும், வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 பங்கு வரை உற்பத்தி குறையும். நம் ஊர்க் கோடையில் பலகையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுமாதலால் எட்டில் ஒரு பங்கு இதிலேயே போய்விடுகிறது. தூசி படிந்தால் இன்னும் குறையும். கூரைக்கும் பலகைக்கும் இடையே காற்றோட்டம் விட்டுப் பொருத்துவதும், அவ்வப்போது கழுவுவதும் இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் நான்கு யூனிட்டை எதிர்பார்க்க இயலாது.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000 என, மொத்தம் ரூ.78,000 வரை மானியம் அறிவிக்கப்பட்டது. "எப்படியும் மானியம் வருகிறது, மூன்றாகவே போட்டுவிடுங்கள்" என்பது விற்பனையாளரின் வழக்கமான யோசனை. படிக்கட்டை வைத்து இதைச் சோதிப்போம்.

கார் உள்ள நம் வீட்டின் செலவு 700 யூனிட், கட்டணம் ரூ.3,825. முதல் கிலோவாட் 240 யூனிட்டைக் குறைக்கிறது. மீட்டரில் நிகரமாக 460, கட்டணம் ரூ.1,553. மிச்சம் ரூ.2,272. இரண்டாவது கிலோவாட்டால் நிகரம் 220 ஆகி, கட்டணம் ரூ.329 ஆகிறது. மிச்சம் ரூ.1,224. மூன்றாவது கிலோவாட் கட்டணத்தைப் பூச்சியமாக்கும். மிச்சம் அந்த ரூ.329 மட்டுமே. மூன்று பலகைகளும் ஒரே வெயிலில் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் தருகின்றன. ஆனால் முதலாவது மேல்படியிலிருந்து வெட்டுகிறது, வரப்பையும் தாண்டிக் கீழே இறக்குகிறது. மூன்றாவதோ, ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டையும் சேர்த்து வெட்டுகிறது. இலவசத்தை மிச்சப்படுத்தி என்ன பயன்?

மானியத்துக்கு அரசு அடிப்படையாகக் கொண்ட விலை, முதல் இரண்டுக்கும் கிலோவாட்டுக்கு ரூ.50,000, மூன்றாவதற்கு ரூ.45,000. இதன்படி மூன்றாவது கிலோவாட்டுக்கு நம் கைப்பணம் ரூ.27,000. ஆண்டுக்கு ஆறு கணக்கு. ஆறு முறை ரூ.329 என்றால் ரூ.1,974. போட்ட பணம் திரும்பப் பதினான்கு ஆண்டுகள் அளவில் ஆகும். முதல் கிலோவாட்டோ இரண்டே ஆண்டுக்குள் தன் விலையை ஈட்டிவிடும். சந்தையில் விலை இதைவிடக் கூடுதலாகவே கூறப்படும். கூடினாலும் இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு மறையாது. அடைமழை மாதக் குறைவை ஈடுகட்டவும், மே மாதத்தில் குளிர்சாதனம் ஓட்டவும் மூன்றாவது ஓரளவு உதவும் என்பது உண்மையே. அதற்கு மேல் அதற்குப் பெருமை வேண்டாம்.

கார் இல்லாத 400 யூனிட் வீட்டில் நிலைமை வேறு. அங்கு முதல் கிலோவாட்டே ரூ.1,175-ஐ ரூ.141 ஆக்கிவிடும். இரண்டாவதற்கு அந்த ரூ.141-க்கு மேல் வெட்ட ஒன்றும் இல்லை. ஆகவே கூரையின் அளவைத் தீர்மானிக்கும் முன் கார் வருமா, எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கார் வரும்போது இரண்டாவதைச் சேர்க்க இடம் விட்டு, ஒன்றோடு தொடங்கும் வீட்டுக்காரரை நான் புத்திசாலி என்பேன்.

ஒரே கூரை, மூன்று கணக்கு

மேலே போட்ட கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பகலில் பலகை தரும் மின்சாரத்தில் வீட்டுக்குத் தேவைப்படாதது கம்பி வழியே வெளியே போகிறது. இரவில் கார் வெளியிலிருந்து வாங்குகிறது. போனதையும் வந்ததையும் யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளலாம் என்று கொண்டோம். இதுவே நெட் மீட்டரிங் எனப்படும் நிகர அளவீடு. இம்முறையில் மின்கம்பி நமக்கு ஒரு குதிர் போல ஆகிவிடுகிறது. பகலில் கொட்டியதை இரவில் அள்ளிக்கொள்கிறோம். மிச்சம் இருந்தால் அடுத்த கணக்குக்குப் போகும். காரை எந்நேரத்தில் மின்னேற்றினாலும் கட்டணம் ஒன்றே.

தமிழ்நாட்டில் இம்முறை எப்போதும் இருந்ததில்லை. ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் இதை அனுமதித்தது. 2019 மார்ச்சில் வந்த ஆணை அதை மாற்றி, வெளியே போகும் யூனிட்டுக்கு ரூ.2.28 மட்டுமே விலை என்றது. உள்ளே வரும் யூனிட்டுக்குப் படிக்கட்டு விலை. 2021 அக்டோபர் ஆணை வீடுகளுக்கு மீண்டும் நிகர அளவீட்டைத் தந்தது. கூடவே வலைப்பின்னல் கட்டணம் என்ற ஒன்றுக்கும் இடம் வைத்தது. விண்ணப்பிக்கும்போது அது தம் வீட்டுக்கு எவ்வளவு என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மேலே கண்ட மிச்சத்தில் அதைக் கழிக்க வேண்டும்.

2019 விதியின்கீழ் நம் வீட்டின் கணக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு கிலோவாட் பலகை 480 யூனிட் தருகிறது. கார் இரவில் மட்டும் மின்னேறுகிறது. பகலில் வீடு 150 யூனிட்டைத் தானே பயன்படுத்திக்கொள்கிறது எனக் கொண்டால், 330 யூனிட் வெளியே போய் ரூ.752 வரவாகும். வாங்குவது 550 யூனிட். வரப்பைத் தாண்டி ரூ.2,460. நிகரச் செலவு ரூ.1,708. காரின் தேவையில் பாதியை, அதாவது 150 யூனிட்டை, பகலில் பலகையிலிருந்தே கொடுத்தால்? வெளியே போவது 180 யூனிட், வரவு ரூ.410. வாங்குவது 400 யூனிட், ரூ.1,175. நிகரச் செலவு ரூ.765. மின்னேற்றும் நேரத்தை மாற்றியதால் மட்டும் ரூ.943 மிச்சம். நிகர அளவீட்டில் இதே வீட்டுக்கு ரூ.329 என்று முன்பே கண்டோம். ஆக, கூரையும் வெயிலும் காரும் மாறாதிருக்க, ஆணையில் உள்ள சில வரிகளும் மின்னேற்றும் நேரமும் மாறியதால் கட்டணம் ரூ.329, ரூ.765, ரூ.1,708 என்று மூன்றாகிறது. உலகெங்கும் இப்போக்கு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2023 ஏப்ரலில் புதிய கூரைகளுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறையை நிறுத்தி, வெளியே போகும் மின்சாரத்தின் விலையைப் பெரிதும் குறைத்தது.

பகலில் மின்னேற்று என்று சொல்வது எளிது. பகலில் கார் எங்கே நிற்கிறது? அச்சகத்துக்குச் செல்பவரின் கார் அச்சக வாசலில் நிற்கிறது. வீட்டுக் கூரையின் மின்சாரம் அங்கு வராது. அச்சகத்திலேயே மின்னேற்றினால் அந்த இணைப்பின் தொழிற்கட்டணமே பொருந்தும். பட்டாசு ஆலைக்குச் செல்பவருக்கு அதுவும் இல்லை. அங்கு மருந்து கலக்கும் அறைகள் பகல் வெளிச்சத்தை நம்பியே இயங்குகின்றன. பொறி எழக்கூடிய எதற்கும் அருகில் இடமில்லை. ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர் என ஒவ்வொருவருக்கும் கார் நிற்கும் இடமும் நேரமும் வேறு. கட்டண முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் குறிக்க வேண்டியது இதுவே.

இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. 15 ஆம்பியர் பிளக்கில் கார் ஏறத்தாழ மூன்று கிலோவாட் இழுக்கும். இரண்டு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் ஒன்றரை தரும். எஞ்சிய பாதி வெளியிலிருந்துதான் வரும். காரின் மின்னேற்ற வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால், அதைக் குறைத்துக் கூடுதல் நேரம் ஏற்றுவதே பகல் மின்னேற்றத்துக்கு ஏற்றது.

மணி பார்க்கும் கட்டணம்

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது கடினம். ஆகவே எந்நேரத்தில் மிகுதியோ அந்நேரத்தில் மலிவாக விற்பது பழைய வழக்கம். பிரிட்டனில் 1978-இல் வந்த ஒரு திட்டம் இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை தந்தது. நிலக்கரி, அணுமின் நிலையங்களை இரவில் நிறுத்த முடியாததே காரணம். சூரிய மின்சாரம் பெருகியபின் நண்பகல் மலிவாகி, வெயில் சாய்ந்து விளக்கேற்றும் நேரம் விலையுயர்ந்ததாகிறது.

இராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு நேரவாரிக் கட்டணம் புதிதன்று. 2022 ஆணைப்படி உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகள் காலை, மாலை உச்ச நேரங்களில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. வீடுகளுக்கு 2024 ஆணையில் இது இல்லை. ஆனால் மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய விதி, திறன் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளுக்கும் இதைக் கொண்டுவரச் சொல்கிறது: வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். பொது மின்னேற்று நிலையங்களுக்கு 2024-ஆம் ஆண்டின் மத்திய நெறிமுறை, காலை 9 முதல் மாலை 4 வரை சராசரிச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் விலை வைக்கச் சொல்கிறது.

நேரவாரி முறை வந்தால் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் காரைப் பிளக்கில் செருகும் பழக்கமே மிகவும் செலவு வைக்கும். படிக்கட்டு முறையில் அந்த ஏழு மணிக்கும் நள்ளிரவுக்கும் வேறுபாடு இல்லை.

கடைசியாக இரண்டு செய்திகள். கம்பியோடு இணைந்த சூரிய அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும், நல்ல வெயிலானாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மீது நம் கூரை மின்சாரம் பாயாதிருக்கவே இந்த ஏற்பாடு. மின்தடைக்கு மாற்று என்று எண்ணிக் கூரைக்குப் பணம் போடக் கூடாது. அடுத்தது, நிலத்தொடர்பு. வறண்ட மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. கோடையில் எர்த் குழியில் நீர் ஊற்றுவது நம் ஊரில் அவசியம். காரைப் பல மணி நேரம் மின்னேற்றும் பிளக்குக்குத் தனிக் கம்பியும் மின்கசிவுத் துண்டிப்பானும் வேண்டும். நீட்டிப்புக் கம்பி கூடாது. தாள் கட்டுகளும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கிய வராந்தாவில் அந்தப் பிளக்கை வைப்பதும் கூடாது.

இனி, ஈ.பி. அட்டையில் கடந்த ஆறு கணக்குகளின் யூனிட்டை எடுத்து, ஒவ்வொன்றோடும் காரின் 300-ஐக் கூட்டி, பலகையின் 240-ஐ ஒரு முறையும் இரு முறையும் கழித்து, படிக்கட்டு விலையில் பெருக்கிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு அரை மணி நேர வேலை. மே மாதக் கணக்கும் கார்த்திகைக் கணக்கும் ஒன்றுபோல் இருக்கமாட்டா. கார்த்திகைக்குப் பலகையின் பங்கை 240-இலிருந்து குறைத்தே போட வேண்டும்.